உவர்மலையில் ஒரு சோபோகிளிஸ் வகுப்பு

உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் எடுத்திருக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், திருகோணமலை உவர்மலையில் சனிக்கிழமை பிற்பகலில் நடக்கும் கிரேக்க நாடக வகுப்புக்கு அனுப்பிவையுங்கள். பிள்ளை இல்லாவிட்டால் நீங்களே போய் இருங்கள். பெரியவர்களுக்குப் பின்வரிசையில் கதிரை போட்டிருக்கிறார்கள், அதற்குக் கட்டணம் கிடையாது. நான் என் பெறாமகளுக்குத் துணையாகப் போகத் தொடங்கியவள். சாம்பல்தீவிலிருந்து பஸ்ஸில் கூட்டிவந்து, பொழுதுபட்ட பிறகு அவளைத் தனியே திருப்பி அனுப்ப மனம் வராமல் காத்திருந்தேன். இப்போது அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் வேறு அலுவல் இருக்கும் சனிக்கிழமைகளிலும் நான் போகிறேன்.

அரச மருத்துவமனைகளின் சத்திரசிகிச்சை விடுதிகளில் தாதியாக வேலை செய்து ஓய்வுபெற்றவள் நான். அந்தக் கண்ணும் காதும் கொண்டுதான் இந்த நாடகங்களைப் பார்த்தேன், கேட்டேன். இந்த மதிப்பீடும் அங்கிருந்துதான் வருகிறது.

வகுப்பை நடத்துபவர் ஓய்வுபெற்ற நாடக ஆசிரியர். இளவயதில் மட்டக்களப்புப் பக்கத்துக் கூத்துக் களரிகளில் ஆடியவர். அவருடைய வீட்டு விறாந்தையும் முற்றத்து வேம்பின் நிழலும்தான் வகுப்பறை. மாதம் 1,500 ரூபாய். நாடகப் பிரதிகளை ஆங்கிலத்திலிருந்து அவரே தமிழாக்கித் தட்டச்சு செய்து கொடுக்கிறார். அதற்கு வேறு காசு வாங்குவதில்லை. ஒரு தவணைக்கு மூன்று நாடகங்கள்: ஈடிப்பஸ் மன்னன், அன்ரிகனி, பிலொக்டீட்டிஸ். இவற்றை எழுதிய பழங்காலக் கிரேக்கக் கவிஞர் சோபோகிளிஸ் நூற்றிருபதுக்கும் மேற்பட்ட நாடகங்கள் எழுதியதாகப் பழைய குறிப்புகள் சொல்கின்றன. முழுமையாக நம் கைக்கு வந்து சேர்ந்தவை ஏழு. அந்த ஏழில் மூன்றை ஒரு தவணைக்குள் உட்கார்ந்து வாசிப்பது பெரிய காரியம்.

ஆசிரியர் கவிஞரின் வாழ்க்கைக்கு ஒதுக்கியது முதல் நாளின் அரை மணித்தியாலம் மட்டும். ஏதென்ஸ் நகருக்கு வெளியே கொலோனஸ் என்ற ஊரில் கி.மு. 496 அளவில் பிறப்பு. தந்தை ஆயுதப் பட்டறை முதலாளி. கி.மு. 480இல் சலாமிஸ் கடற்போரில் வென்றபோது வெற்றிப்பாட்டுப் பாடிய சிறுவர்களை முன்நின்று நடத்தியவன் இந்தப் பிள்ளை என்று சொல்வார்கள். கி.மு. 468இல் டயோனிசஸ் தெய்வத்தின் விழாவில் நடந்த நாடகப் போட்டியில் மூத்த கவிஞர் எஸ்கிலஸையே தோற்கடித்து முதலாம் பரிசு. பிறகு அரசின் நிதிக்குப் பொறுப்பான உத்தியோகம், ஏதென்ஸ் தலைவர் பெரிக்கிளிஸோடு சேர்ந்து சாமொஸ் தீவின் மீது படையெடுத்த தளபதி, கி.மு. 406 அளவில், தொண்ணூறு வயதை நெருங்கியபோது மரணம். இவ்வளவையும் பலகையில் எழுதி, “இதைப் பரீட்சைக்கு வைத்துக்கொள்ளுங்கள், இனி நாடகத்துக்குப் போவோம்” என்று எழுந்துவிட்டார். எனக்கு அது பிடித்திருந்தது.

ஈடிப்பஸின் கதையைப் பிள்ளைகள் எல்லோரும் சுருக்கமாக அறிந்துதான் வருகிறார்கள். தந்தையைக் கொன்றான், தாயை மணந்தான், உண்மை தெரிந்ததும் கண்களைக் குத்திக்கொண்டான். இங்கே அந்தக் கதையை யாரும் சொல்லித் தருவதில்லை. எழுந்து நின்று, உரத்து வாசிக்க வேண்டும். சேர்ந்து பாடி ஆடும் குழுவான கோரஸுக்குப் பதினைந்து பேர் வேண்டும். பன்னிரண்டாக இருந்ததைப் பதினைந்தாக்கியவர் சோபோகிளிஸ். மாணவர் அத்தனை பேர் இல்லாததால் பின்வரிசைப் பெற்றோரும் எழும்ப வேண்டியதாயிற்று. அப்படித்தான் நானும் ஈடிப்பஸ் ஆளும் தீப்ஸ் நகரத்து முதியவர்களில் ஒருத்தியாக வேம்பின் கீழ் நின்றேன். ஆசிரியர் மத்தளம் தட்ட, கூத்தில் ஆடும் அடி ஒன்றை மெதுவாக எடுத்து வைத்து, கொள்ளைநோயிலிருந்து ஊரைக் காக்கும்படி தெய்வங்களை ஒவ்வொன்றாகக் கூப்பிடும் பாட்டைப் பாடினோம். கூத்தில் பிற்பாட்டுக்காரர் தருவை, அதாவது ஆடுபவர் பாடும் பாட்டை, வாங்கிப் பாடுவார்கள். கிரேக்கக் கோரஸ் அப்படி வாங்கிப் பாடுவதோடு நிற்பதில்லை. அது பயப்படுகிறது, அரசனிடம் வாதாடுகிறது, சில இடங்களில் யாரை நம்புவது என்று தெரியாமல் தவிக்கிறது. இரண்டையும் ஒன்று என்று விடைத்தாளில் எழுதிவிட வேண்டாம் என்று ஆசிரியர் திரும்பத் திரும்பச் சொன்னார். இரண்டையும் ஆடிப் பார்த்த பிள்ளைகளுக்கு அந்த வேறுபாட்டைப் பாடமாக்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

இந்த வகுப்பின் தரத்தை ஒரேயொரு காட்சியை வைத்துச் சொல்வதென்றால் ஈடிப்பஸின் தாயும் மனைவியுமான யொகாஸ்டாவின் காட்சியை நான் சொல்வேன். சோபோகிளிஸ் அரங்குக்கு மூன்றாவது நடிகரைக் கொண்டுவந்தார் என்பது அரிஸ்டாட்டில் எழுதிவைத்த செய்தி. பாடக்குறிப்பில் அது ஒரு வரி. இங்கே அதை நிறுத்திக் காட்டினார்கள். கொரிந்தியிலிருந்து வந்த தூதன் ஒரு பக்கம், ஈடிப்பஸ் மறுபக்கம். குழந்தையாக இருந்தபோது உன்னை மலையில் ஓர் இடையனிடமிருந்து நான்தான் வாங்கினேன், உன் கணுக்கால்கள் துளைக்கப்பட்டிருந்தன என்று தூதன் சொல்லிக்கொண்டு போகிறான். ஈடிப்பஸ் ஆவலோடு கேள்விமேல் கேள்வி கேட்கிறான். நடுவில் யொகாஸ்டா நிற்கிறாள், அவளுக்கு வசனம் இல்லை. கணுக்கால் துளைத்து மலைக்கு அனுப்பியது அவள் பெற்ற பிள்ளையைத்தான். அவள் முகமூடியோடு நிற்பதால் முகத்தாலும் எதையும் காட்ட முடியாது.

என் பெறாமகள்தான் யொகாஸ்டா. ஆசிரியர் அவளுக்குச் சொன்னது ஒன்றே ஒன்று: “கேள், அசையாதே. இடையன் என்ற பேச்சு வரும்போது கையை மட்டும் கீழே விடு.” மடித்து வைத்திருந்த கையை அவள் மெல்ல விட்டாள். அந்தக் கை தொங்கியபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. விடுதியில் இதை நான் பார்த்திருக்கிறேன். கட்டிலைச் சுற்றி நின்று வைத்தியர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். காலடியில் நிற்கும் தாய், அவர்கள் தன்னிடம் சொல்ல வருவதற்கு முன்பே எல்லாவற்றையும் விளங்கிக்கொண்டிருப்பாள். சீலைத் தலைப்பைப் பிடித்திருந்த கை அப்படித்தான் விழும். இரண்டு நடிகர்களை மட்டும் வைத்து எழுதும் புலவருக்கு இந்த மௌனத்தை எழுத வழியில்லை.

அதன் பிறகு நடந்ததும் சொல்ல வேண்டியது. கெஞ்சிப் பார்த்துத் தோற்று யொகாஸ்டா உள்ளே ஓடுகிறாள். இருப்பது மூன்று நடிகர்கள்தான், மற்ற இருவரும் மேடையை விட்டுப் போவதில்லை. அடுத்து வரும் கிழ இடையனாக யார் வருவது? உள்ளே போனவர்தான் முகமூடி மாற்றிக்கொண்டு வர வேண்டும். என் பெறாமகள் அறைக்குள் போய், கடதாசிக்கூழில் செய்த கிழவன் முகமூடியை மாட்டி, கோலூன்றித் திரும்பி வந்தாள். தாயாக நின்று உண்மையை மறைக்கப் பார்த்த அதே உடல், இடையனாக வந்து அதைச் சொல்லித் தீர்க்கிறது. இதைப் பார்த்த பிள்ளைகள் மூன்றாவது நடிகர் பற்றிய கேள்விக்கு இரண்டு பக்கம் எழுதுவார்கள். ஈடிப்பஸ் நாடகம் இருந்த தொகுதி அந்த வருடப் போட்டியில் முதலாம் பரிசு பெறவில்லை, எஸ்கிலஸின் சகோதரி மகன் பிலொக்ளிஸிடம் தோற்றது என்று கேட்டபோது வகுப்பே கொதித்துப் போனது. நானும்தான்.

பிலொக்டீட்டிஸ் பாடத்திட்டத்துக்கு வெளியே. பரீட்சை நெருங்கும் நேரத்தில் இது எதற்கு என்று ஒரு தந்தை கேட்டார். கட்டாயம் வேண்டும் என்று நான் அவரிடம் சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன். கி.மு. 409இல், எண்பத்தைந்து வயதைத் தாண்டிய பிறகு சோபோகிளிஸ் மேடையேற்றி முதலாம் பரிசு வாங்கிய நாடகம் இது. ட்ரோய்ப் போருக்குப் போகும் வழியில் பிலொக்டீட்டிஸின் காலில் பாம்பு கடிக்கிறது. புண் புரையோடுகிறது. நாற்றமும் கதறலும் தாங்காத சகவீரர்கள், ஆளில்லாத லெம்னொஸ் தீவில் அவனை விட்டுவிட்டுக் கப்பலேறுகிறார்கள். பத்தாம் வருடம், அவனிடம் இருக்கும் மாவீரன் ஹெரக்ளிஸின் வில் இல்லாமல் போரை வெல்ல முடியாது என்று தெரிந்து, அன்று அவனை விட்டுவிட்டுப் போன ஒடிசியஸே திரும்பி வருகிறான். பொய் சொல்லி வில்லைப் பறிக்க, அக்கிலிஸின் மகன் நியோப்டொலமஸ் என்ற இளைஞனை முன்னே அனுப்புகிறான்.

அந்த இளைஞன் குகைக்குள் எட்டிப் பார்த்து, கண்டதை ஒவ்வொன்றாகச் சொல்லும் இடத்தில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆள் படுத்து நசுங்கிய இலைப் படுக்கை. கைவேலை தெரியாதவர் செதுக்கிய மரக் கிண்ணம். தீ மூட்டும் பொருட்கள். வெயிலில் காயப் போட்டிருக்கும் சீழ் தோய்ந்த கந்தைகள். நோயாளி இன்னும் மேடைக்கு வரவில்லை, ஆனால் எனக்கு அவரைத் தெரிந்துவிட்டது. கால்புண்ணுக்கு மருந்து கட்டிய ஒவ்வொரு தாதிக்கும் அந்தக் கந்தை தெரியும். அவன் அவற்றை எறியவில்லை, கழுவிக் காயப் போடுகிறான், நாளைக்கும் கட்ட வேண்டும் என்று நினைக்கிறான். பத்து வருடத் தனிமைக்குப் பிறகும் பிழைக்க விரும்பும் மனிதன் அவன். இவ்வளவையும் சோபோகிளிஸ் அவனுக்கு ஒரு வசனமும் கொடுக்காமல், காயும் துணியை வைத்தே சொல்லிவிட்டார்.

பிலொக்டீட்டிஸாக நடித்த பையன் முதலில் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தொடக்கம் முதல் கத்தினான். ஆசிரியர் என்னைப் பார்த்து, “தங்கச்சி, நீங்கள் வந்து சொல்லுங்கள்” என்றார். வலி அலையாகத்தான் வரும், அது வருவதற்கு முந்திய கணத்தில் நோயாளி பேச்சை நடுவில் நிறுத்துவார், ஒன்றுமில்லை என்பார், உதட்டைக் கடித்து மறைப்பார் என்று சொன்னேன். பிறகு பிரதியைப் பார்த்தால் அப்படித்தான் எழுதியிருக்கிறது. நடந்துகொண்டிருந்தவன் திடீரென்று பேச்சிழந்து நிற்கிறான். என்ன என்று கேட்டால் ஒன்றும் பெரிதில்லை என்கிறான். கப்பலில் ஏற்றிக்கொள்ளச் சம்மதித்தவர்கள் மறுபடியும் அருவருத்து விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்ற பயம். விடுதியில் எத்தனையோ பேர் என்னிடம் இப்படி மறைத்திருக்கிறார்கள். மகன் பார்க்க வரும் நேரத்துக்கு முன்னால் கட்டை மாற்றிவிடச் சொல்லிக் கைபிடித்துக் கேட்டவர்கள் இருக்கிறார்கள். நாடகத்தில் வலி உச்சத்துக்குப் போய், உடம்பெல்லாம் வியர்த்து, குதிகாலில் கறுத்த இரத்தம் கசிந்து, அவன் அப்படியே உறங்கிப் போகிறான். அந்த ஒழுங்கில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. இதை எழுதியவர் நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர் என்றுதான் நான் நம்புகிறேன். அஸ்கிளேபியஸ் என்ற வைத்தியத் தெய்வத்தின் வழிபாடு ஏதென்ஸுக்கு வந்தபோது அதை வரவேற்று இடம் கொடுத்தவர் சோபோகிளிஸ் என்று ஒரு மரபு உண்டாம். அதைக் கேட்டபோது எனக்கு வியப்பு வரவில்லை.

உறங்குமுன் அவன் வில்லை நியோப்டொலமஸிடம் கொடுத்து, பார்த்துக்கொள் என்கிறான். ஏமாற்ற வந்தவனின் கையிலேயே கொடுக்கிறான். அந்த இளைஞன் கடைசியில் வில்லைத் திருப்பிக் கொடுக்கும் காட்சிக்குக் கோரஸாக நின்ற மாலுமிகள் எல்லோரும் தம்மை மறந்து கைதட்டினார்கள். அதன் பிறகு, தெய்வமாகிவிட்ட ஹெரக்ளிஸ் தோன்றி பிலொக்டீட்டிஸை ட்ரோய்க்குப் போகச் சொல்வதும், அங்கே காலுக்குக் குணம் கிடைக்கும் என்று வாக்களிப்பதும் அவசரமாக வாசித்து முடிக்கப்பட்டன. அது சரியில்லை. மனிதர்கள் யாருடைய சொல்லுக்கும் இணங்காதவன் ஏன் அந்தக் குரலுக்கு மட்டும் இணங்குகிறான் என்று பேசியே இருக்க வேண்டும்.

அன்ரிகனியைப் பற்றி எழுதக் கொஞ்சம் தயக்கம். ஏனென்றால் அது இந்த ஊரில் வெறும் பாடமாக இருக்க முடியாது. இரண்டு சகோதரர்கள் ஒருவரையொருவர் கொன்று விழுகிறார்கள். ஊரைக் காத்தவனுக்கு மரியாதையோடு அடக்கம், ஊர்மேல் படையெடுத்து வந்தவனின் உடலை நாய்க்கும் பறவைக்கும் விட வேண்டும் என்பது புதிய அரசன் கிரியோனின் கட்டளை. தங்கை அன்ரிகனி போய் மண் தூவுகிறாள். காவலர்கள் மண்ணைத் தட்டிவிட்டதும் திரும்பி வந்து, குஞ்சில்லாத கூட்டைக் கண்ட பறவைபோல அலறி, மறுபடியும் மண் அள்ளிப் போட்டு, வெண்கலக் குடத்தால் மூன்று முறை நீர்க்கடன் செய்கிறாள்.

கிண்ணியாவிலிருந்து வரும் மாணவி ஒருத்தி இந்த இடத்தில் எழும்பி, 2020இல் கொரோனாவால் இறந்தவர்களை எரிக்க வேண்டும் என்று கட்டளை வந்ததைச் சொன்னாள். மறு வருடம் ஓட்டமாவடியில் அடக்கம் செய்ய விடும்வரை தங்கள் வீட்டுப் பெரியவர்கள் எப்படிப் பயந்துகொண்டிருந்தார்கள் என்று சொன்னாள். காணாமல் ஆக்கப்பட்ட மகனின் படத்தோடு வீதியோரம் உட்காரும் தாய்மாரைப் பற்றி இன்னொரு பையன் சொன்னான். உடல் கிடைக்காத வீட்டில் எந்த நாளை எட்டாம் நாளாக எண்ணுவது, கன்னியாவுக்குப் போய் எந்த நாளில் அந்தியேட்டிச் சடங்கு செய்வது என்று கேட்டான். தாய்க்குக் கடன் கழிக்க இராவணன் உண்டாக்கியதாகச் சொல்லும் வெந்நீர்க் கிணறுகள் இருக்கும் மாவட்டத்துப் பிள்ளைகள் இவர்கள். யாரும் அவர்களுக்கு அன்ரிகனியை விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆசிரியர் அதைக் கூட்டப் பேச்சாக வளரவும் விடவில்லை, வாயை அடக்கவும் இல்லை. எல்லோரும் பேசி முடித்த பிறகு, கிரியோனின் பாத்திரத்தை அந்தக் கிண்ணியா மாணவிக்கே கொடுத்தார். நகரத்தைப் புயலில் தப்பிய கப்பலாக வைத்து அவன் பேசும் முதல் பேச்சை அவள் வாசித்தாள். ஊர் மிதந்தால்தான் நட்பும் உறவும் நமக்கு உண்டு என்ற வாதத்தை மழுப்பாமல், உறுதியான குரலில் சொன்னாள். துறைமுகம் கண்ணுக்குத் தெரியும் மேட்டில் அந்தப் பேச்சு நியாயமாகவே ஒலித்தது. அதனால்தான் பின்னால் அவன், அன்ரிகனியை மணக்க இருந்த தன் மகன் ஹீமோனின் சொல்லையும் குருட்டுக் குறிசொல்லி தைரீசியஸின் சொல்லையும் கேட்க மறுப்பது அவ்வளவு கோபத்தைத் தருகிறது. கிரியோனை வெறும் வில்லனாக ஆடிக்காட்டும் மேடைகளை நான் பார்த்திருக்கிறேன். அவற்றில் இந்தக் கோபம் வரவில்லை.

இன்னொரு விடயம், இதை நான் வகுப்பிலும் சொன்னேன். கிரியோன் கடைசியில் மனம் மாறியதும் கோரஸ் அவனுக்குத் தெளிவாக ஒழுங்கு சொல்கிறது: மண் தூவியதற்காகக் குகையில் உயிரோடு அடைத்த அன்ரிகனியை முதலில் விடுவி, பிறகு இறந்தவனுக்குக் கல்லறை எழுப்பு. அவன் மாற்றிச் செய்கிறான். உடலைக் கழுவி, எரித்து, மண்மேடு எழுப்பிவிட்டுக் குகைக்குப் போகிறான். அதற்குள் அவள் தூக்கிட்டு இறந்துவிட்டாள். அவள் பின்னால் ஹீமோனும், அவன் பின்னால் கிரியோனின் மனைவியும். விபத்துப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எங்களுக்குச் சொல்லித் தருவது மூச்சிருப்பவரை முதலில் பார் என்பதைத்தான். இறந்தவர் காத்திருப்பார். கிரியோன் நல்ல எண்ணத்தோடுதான் போனான், ஒழுங்கு பிழைத்துவிட்டது. ஆசிரியர் இதைப் பிரதியின் ஓரத்தில் எழுதிவைத்துக்கொண்டார்.

குறைகளுக்கு வருகிறேன். வகுப்பு பெரும்பாலும் நேரத்துக்கு முடிவதில்லை. நிலாவெளிப் பக்கம் போகும் பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய பிள்ளைகள் கடைசிக் காட்சியில் எழுந்து ஓடுகிறார்கள், அல்லது ஆட்டோவுக்குக் கொடுக்கிறார்கள். நான்கரைக்கு என்றால் நான்கரைக்கு விட வேண்டும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் அந்த விறாந்தையில் ஒரு மின்விசிறி போதாது. முன்வரிசைக்கு மட்டும்தான் காற்று போகிறது. பிரதிகளில் பெயர்கள் ஒரு பக்கத்தில் ஒரு மாதிரியும் மறுபக்கத்தில் வேறு மாதிரியும் எழுதப்பட்டிருக்கின்றன. பரீட்சை எழுதும் பிள்ளைக்கு இது தொல்லை. விடையெழுதும் பயிற்சியைக் கடைசி இரண்டு வாரத்துக்கு ஒதுக்கியிருப்பதும் குறைவுதான்.

ஈடிப்பஸுக்குக் கொடுத்த கடைசிக் குறிப்புத்தாளில் எனக்கு உடன்பாடு இல்லை. எல்லாம் விதி என்ற அளவில் அது முடிந்துவிடுகிறது. தந்தையைக் கொன்றதும் தாயை மணந்ததும் நாடகம் தொடங்குமுன்பே நடந்து முடிந்தவை. மேடையில் நாம் பார்ப்பது அவன் விசாரிப்பதை. தைரீசியஸ் விட்டுவிடு என்கிறான், யொகாஸ்டா விட்டுவிடு என்கிறாள், இடையன் கெஞ்சுகிறான். ஊரில் நோய் தீர வேண்டும், என்னைப் பற்றிய உண்மையும் எனக்குத் தெரிய வேண்டும் என்று கேட்டுக்கொண்டே போவது அவனுடைய சொந்த முடிவு. வகுப்பில் ஆசிரியர் இதை வெகு நன்றாகப் பேசினார், தாளில் வரவில்லை. பிள்ளைகள் பரீட்சைக்குத் தாளைத்தான் புரட்டுவார்கள் என்பதால் அதைத் திருத்தித் தர வேண்டும்.

இடம் சுத்தமாக இருக்கிறது. கழிப்பறையில் தண்ணீரும் சவர்க்காரமும் உண்டு. பெண்பிள்ளைகளை அனுப்பும் தாய்மார் கேட்பார்கள் என்பதால் சொல்கிறேன். இடைவேளையில் ஆசிரியரின் மனைவி இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீ கொடுக்கிறார். சிங்களம் பேசும் பிள்ளைகள் இரண்டு பேர் சும்மா பார்க்க வந்து, இப்போது கோரஸில் நிற்கிறார்கள்.

புதிய குழு அடுத்த தவணையோடு தொடங்குகிறது. அதில் கொலோனஸில் ஈடிப்பஸ் நாடகத்தையும் சேர்க்கும்படி நானும் வேறு சில பெற்றோரும் கேட்டிருக்கிறோம். சோபோகிளிஸ் இறந்த பிறகு, கி.மு. 401இல் அவருடைய பேரன் மேடையேற்றிய நாடகம் அது. பார்வையிழந்த கிழவனை மகள் கைபிடித்து, கவிஞர் பிறந்த ஊருக்கே கூட்டிவருகிறாள். சேர்ப்பதானால் கட்டணத்தை 2,000 ஆக்க வேண்டியிருக்கும் என்றார் ஆசிரியர். நான் சம்மதம் என்று சொல்லிவிட்டேன், என் பெறாமகளும் கோரஸுக்குப் பெயர் கொடுத்துவிட்டாள்.